கப்பலுக்கு முன்னால் ஒரு சாட்சி

சாமுவேலு,

நலம் என்று எழுதித் தொடங்குவது நம் வழக்கம். இன்று அந்த வார்த்தையை எழுத எனக்குக் கை வரவில்லை. நான் நலமாக இல்லை, உன் அம்மா நலமாக இல்லை, காலனியில் யாரும் நலமாக இல்லை. நீ இன்னும் சில நாளில் பம்பாய்க்குப் போய்க் கப்பல் ஏறப் போகிறாய். ஜெர்மனியில் மேற்படிப்பு. நம் தெருவில் பிறந்த பிள்ளை கடல் தாண்டுகிறான் என்ற செய்தி வந்த அன்று என்னால் பாடம் நடத்த முடியவில்லை, பிள்ளைகளை நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அவ்வளவு சந்தோஷப்பட்ட நான்தான் இதையும் எழுதுகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை செஞ்சி கோர்ட்டில் முனியன், இஸ்ரவேல் வழக்கில் நம் பக்கத்துச் சாட்சிகளை விசாரிக்கிறார்கள். நீ வர வேண்டும். முன்பு எழுதிய கடிதங்களில் இதைச் சுற்றி வளைத்துக் கேட்டேன். நீயும் சுற்றி வளைத்தே பதில் எழுதினாய். இனி அதற்கு நேரமில்லை.

முனியனைப் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லைதான். ஆனாலும் சொல்கிறேன், தூரத்தில் இருப்பவர்களுக்கு முகங்கள் மங்கிப் போகும். நீ முதன்முதலாக இறையியல் கல்லூரிக்குப் புறப்பட்ட நாள், மழை விட்டு ரோடெல்லாம் சேறு. அவலூர்பேட்டையிலிருந்து வந்த பஸ் நம்மைப் பார்த்தும் நிற்காமல் போய்விட்டது. திண்டிவனம் போய் ரயிலைப் பிடித்தாக வேண்டும். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். மாடு ஓட்டிக்கொண்டு போன முனியன், மாட்டைத் தன் மனைவி பச்சையம்மாளிடம் விட்டுவிட்டு வந்து, உன் இரும்புப் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டான். "இன்னா வாத்தியாரே, மரம் மாதிரி நிக்கிற. நட, செஞ்சில போயி வேற பஸ்ஸு ஏத்தி வுடலாம்" என்றான். செஞ்சி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவன் அந்தப் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. நீ பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சாமியாராப் போறியா, வாத்தியாராப் போறியா, ஒண்ணும் புரியல எனக்கு. நல்லாப் படி" என்றான். அவன் கிறிஸ்தவன் இல்லை. முனீஸ்வரனுக்குப் பொங்கல் வைக்கிறவன். ஆனால் கிறிஸ்துமஸுக்கு நம் ஜெபவீட்டு வாசலில் பந்தல்கால் நடுவது வருஷா வருஷம் அவன்தான்.

கல்லூரியிலிருந்து நீ எழுதிய கடிதங்களை நான் பள்ளிக்கூடத்தில் விளக்கு வைத்து எல்லோருக்கும் படித்துக் காட்டுவேன். நான் உபதேசியாராவதற்குப் படித்த காலத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஜெபம், பாட்டு, ஞானஸ்நானத்துக்கு வருகிறவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள், கூடவே மிஷன் துரை எதிரில் எப்படி நிற்பது என்பதும். நீ எழுதியது வேறு உலகமாக இருந்தது. ஒரு கறுப்புச் சட்டைக்காரரைக் கல்லூரி ஆலயத்துக்கே கூப்பிட்டுப் பேச வைத்தார்கள் என்று எழுதினாய். கடவுள் இல்லை என்று அவர் ஆரம்பித்ததும் மாணவர்கள் சிரித்தார்களாம். "உங்க சபையில கல்லறைத் தோட்டம் ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டதாம். அந்த இடத்தை நம் சபைப் பையன் இஸ்ரவேல் திரும்பவும் படிக்கச் சொன்னான். இன்னொரு முறை, கதர் கட்டிய பூமிதான ஊழியர் ஒருவர் வந்து பேராசிரியர்களையும் சேர்த்து எல்லோரையும் விடுதிக் கக்கூசைக் கழுவ வைத்தார் என்று எழுதினாய். அப்புறம் விவசாயக் கூலிகள் சங்கத்துக்காரர் வந்து உங்களோடு தரையில் உட்கார்ந்து கூலியைப் பற்றிப் பேசினார் என்று எழுதினாய். நிலத்தில் நியாயம் கேட்காத பிரசங்கம் பாதிப் பிரசங்கம் என்று உங்கள் பேராசிரியர் வகுப்பில் சொன்னாராமே, அதை நான் என் பிரசங்கங்களில் எத்தனையோ ஞாயிறு சொன்னேன். சொல்லும்போது என் முதுகு நிமிர்ந்தது. உண்மையாகச் சொல்கிறேன், இத்தனை வருஷ ஊழியத்தில் எனக்கு முதுகு நிமிர்ந்த ஞாயிறுகள் அவைதான்.

போன வருஷம் கோடை விடுமுறையில் அந்தப் பேராசிரியரையும் உன் வகுப்புத் தோழர்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தாய். பள்ளிக்கூடத்திலேயே படுத்தீர்கள், நம் வீடுகளில் சாப்பிட்டீர்கள். கேழ்வரகுக் கூழைக் குடித்துவிட்டு முகம் சுளிக்காமல் இருக்க அந்த மலையாளத்துப் பையன் பட்ட பாட்டைப் பார்த்துப் பெண்கள் சிரித்துச் சிரித்து ஓய்ந்தார்கள். மலையடிவாரத்து நிலம் பெரிய வீட்டுக்காரருடையது என்றே நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அவர் கிணறு வெட்டி அதில் மல்லாட்டைக் கடலை போட்டிருந்தார். அது சர்க்கார் புறம்போக்கு, நிலமில்லாதவர்கள் மனு போட்டால் பட்டா கிடைக்க வழியுண்டு என்று நீதான் விசாரித்து வந்து சொன்னாய். நீயே மனு எழுதினாய். தெருவே திரண்டு செஞ்சி தாலுகா ஆபீசுக்கு நடந்தது. கோட்டை மலை கண்ணுக்குத் தெரிந்ததும் பெண்கள் பாட ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தி ஞானப்பாட்டு, ஒருத்தி நடவுப்பாட்டு. தாசில்தார் வெளியே வந்து மனுவை முனியன் கையிலிருந்து நேராக வாங்கிக்கொண்டார். நம் ஆள் கையிலிருந்து ஒரு அதிகாரி நேராக வாங்கியதை நான் அன்றுதான் பார்த்தேன். உங்கள் பேராசிரியர் அதைப் போட்டோ பிடித்தார், உங்கள் கல்லூரிப் பத்திரிகையில் அது வந்தது, நீ ஒரு பிரதி அனுப்பினாய். முனியன் அதை ரொம்ப நேரம் பார்த்தான். "நான் இவ்ளோ கெழவனாவா இருக்கறன்?" என்று கேட்டான். அப்போது அவன் ஜாமீனில் வெளியே வந்திருந்தான்.

மனு கொடுத்த சில நாளில், அந்த மாலை என்ன நடந்தது என்பது என்னைவிட உனக்குத்தான் நன்றாகத் தெரியும். நான் செஞ்சி சபையில் உபதேசிமார் கூட்டத்துக்குப் போயிருந்தேன், பேராசிரியரும் உன் தோழர்களும் கூட வந்திருந்தார்கள். விளக்கு வைக்கிற நேரம், நீ பள்ளிக்கூடத்தில் மனுவின் நகலைப் படித்து விளக்கிக்கொண்டிருந்தாய். முனியனும் இஸ்ரவேலும் எதிரில் உட்கார்ந்து சிலேட்டில் கையெழுத்துப் போடப் பழகிக்கொண்டிருந்தார்கள். தன் பெயரில் இத்தனை சுழி எதற்கு என்று முனியன் கேட்டு எல்லோரும் சிரித்ததாக நீதான் எனக்குச் சொன்னாய். அதே நேரத்தில் அடிவாரத்தில் யாரோ மல்லாட்டைச் செடிகளைப் பிடுங்கிப் போட்டு, காவலுக்கு இருந்த ஏழுமலையைக் கட்டையால் அடித்துக் கையை உடைத்துவிட்டார்கள். யார் என்று இன்றுவரை நமக்குத் தெரியாது. ஏழுமலையும் பக்கத்துக் காலனிக்காரன்தான், நம்மைப் போலக் கூலிக்காரன். விடிந்ததும் போலீஸ் வந்து முனியனையும் இஸ்ரவேலையும் கூட்டிப் போனது. நீ பின்னாலேயே ஸ்டேஷனுக்கு ஓடினாய். இரண்டு பேரும் உன்னோடு இருந்தார்கள் என்று சொன்னாய். எழுதிக்கொள்ளவில்லை. "படிக்கிற பையன், ஊரு போயிச் சேரு" என்றார்கள்.

மறுநாள் மாணவர்களை உடனே அழைத்து வரும்படி பேராசிரியருக்குக் கல்லூரியிலிருந்து தந்தி வந்தது. நீ போக மாட்டேன் என்று அழுதாய். உன்னை அனுப்பியது நான் இல்லை, உன் அம்மா இல்லை. சப்-ஜெயில் கம்பிக்குப் பின்னால் நின்ற முனியன்தான். "போ தம்பி. நீயும் உள்ள வந்துட்டா அப்பறம் எங்களுக்கு யாரு பேசறது?" என்றான். பேராசிரியர் கம்பிக்குள் கையை விட்டு இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டு, "கோர்ட்டில் கூப்பிடுகிற அன்றைக்கு நாங்கள் வந்து நிற்போம்" என்றார். நீ பக்கத்தில் நின்று தலையாட்டினாய். நானும் நின்றேன்.

நீங்கள் போன பிறகு ஊர் எங்களை வேலைக்குக் கூப்பிடவில்லை. அறுப்புக்கு வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள். கடையில் எதைக் கேட்டாலும் இல்லை என்றான், எதிரிலேயே மூட்டையை வைத்துக்கொண்டு. வரப்பை மிதித்த நம் ஆடுகள் எல்லாம் அபராதப் பட்டிக்குப் போயின. உப்பு மிளகாய்க்கு அவலூர்பேட்டை வரைக்கும் நடந்தோம். தொண்டூரில் ஒரு நயினார், ஜைனர், மல்லாட்டை வியாபாரி. அவர்தான் தன் களத்தில் மல்லாட்டை உடைக்க நம் பெண்களைக் கூப்பிட்டார். நான் நன்றி சொல்லப் போனேன். "அதெல்லாம் வேணாம் வாத்தியாரே. எனக்கு ஆளு வேணும், ஒங்களுக்கு வேல வேணும். ஊரு வெவகாரத்துல என்ன இழுக்காதீங்க" என்றார். ஒரு மாதம் கழித்து அவரே செஞ்சிக்கு வந்து இரண்டு பேருக்கும் ஜாமீன் கையெழுத்துப் போட்டார். ஏன் போட்டார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் பள்ளிக்கூடத்தில் இப்போது பாதிப் பிள்ளைகள் இல்லை. அம்மாவோடு களத்துக்குப் போகிறார்கள். வருகிற பிள்ளைகளுக்கும் விரல் நுனியெல்லாம் புண், பலப்பம் பிடிக்க முடியவில்லை.

நம் சபை அலுவலகத்திலிருந்து ஒருவர் ஜீப்பில் வந்தார். நல்ல மனிதர்தான், ஜெபித்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பித்தார். "இஸ்ரவேல் நம்ம சபைப் பிள்ளை. அவனுக்குப் பெரிய வக்கீலா வெச்சிடலாம். அந்த இன்னொரு ஆளு நம்ம ஆளு இல்லையே உபதேசியாரே. கேசப் பிரிக்கச் சொல்லுங்க" என்றார். இஸ்ரவேல் சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். அவன் அதிகம் பேசாதவன் என்று உனக்குத் தெரியும். "பந்தக்காலு நடும்போது அவரு நம்ம ஆளு இல்லன்னு யாரும் சொல்லலியே ஐயா. அண்ணன வுட்டுட்டு நான் மட்டும் வரமாட்டன்" என்றான். ஜீப் போய்விட்டது. அடுத்த வாரம் எனக்கு இடமாற்றம் வரலாம் என்று சொல்லியனுப்பினார்கள். இன்னும் வரவில்லை. தினமும் தபால்காரன் சைக்கிள் மணி கேட்டால் பாடத்தை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்துவிடுகிறேன்.

போன மாதம் ஏழுமலை கூண்டில் ஏறினான். உடைந்த கை கோணலாகக் கூடியிருக்கிறது. "இருட்டிப் போச்சிங்க. மூஞ்சி சரியாத் தெரியல" என்றுதான் ஆரம்பித்தான். சர்க்கார் வக்கீல் திரும்பவும் கேட்டார். ஏழுமலை பெரிய வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்த பெஞ்சை ஒருமுறை பார்த்தான். அப்புறம், "கொரலு முனியன் கொரலு. இஸ்ரவேலும் கூட இருந்தான்" என்றான். அவன் இறங்கிப் போகும்போது என்னைக் கடந்துதான் போனான், தலையைத் தூக்கவில்லை. வெளியே மரத்தடியில் நம் வக்கீல் என்னைத் தனியே கூப்பிட்டார். திண்டிவனத்துக்காரர், பேச்சில் பூசி மெழுகத் தெரியாதவர். "ஒங்க தெருவே வந்து சொன்னாலும் பிரயோஜனம் இல்ல உபதேசியாரே. எல்லாம் ஒரே தெரு, ஒரே ஜாதி, சொல்லிக் குடுத்த சாட்சின்னு மேஜிஸ்ட்ரேட்டு தள்ளிடுவாரு. ஒங்க பையன் வரணும். காலேஜ்ல படிச்சவரு, பாதிரியாராப் போறவரு. அவரு ஏறி, இந்த ரெண்டு பேரும் அந்த நேரத்துல எங்கூட இருந்தாங்கன்னு சொன்னா எழுதித்தான் ஆவணும்" என்றார். வராவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். "உள்ள போயிடுவாங்க" என்றார். மூச்சுவிடுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். உனக்கு சம்மன் அனுப்பலாம் என்றும் சொன்னார். சம்மன் என்றால் கல்லூரிக்குப் போலீஸ்காரன் வருவான், உன் பாஸ்போர்ட்டுக்கு இடைஞ்சல் வரும். நான்தான் வேண்டாம் என்றேன். என் மகன் அவனாகவே வருவான் என்றேன். அப்படிச் சொன்னது தப்போ என்று இப்போது பயமாக இருக்கிறது.

நீ எழுதியதை நான் பலமுறை படித்தேன். பேராசிரியரை வடக்கே எங்கோ அனுப்பிவிட்டார்கள், கிராம ஊழியத் திட்டத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், தோழர்கள் இருவரும் அவரவர் ஊரில், அவர்களிடமிருந்து கடிதம் இல்லை. கப்பல் ஏறும்வரை எந்த வழக்கிலும் உன் பெயர் வரக் கூடாது, வந்தால் அந்த இடம் இன்னொருவனுக்குப் போய்விடும், கல்லூரிக்கும் சங்கடம் என்று முதல்வர் ஐயா சொன்னதாக எழுதினாய். படித்துத் திரும்பி வந்தால் இந்த ஜனங்களுக்கு இன்னும் பெரிய அளவில் உதவ முடியும் நைனா என்றும் எழுதினாய். பெரிய அளவு என்றால் எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த அளவு இரண்டு பேர்தான். உங்கள் கல்லூரியை நான் திட்டவில்லை, சாமுவேலு. அங்கே சொல்லிக்கொடுத்தது சத்தியம். அது பொய்யாக இருந்திருந்தால் எங்களுக்கு இவ்வளவு வலி வந்திருக்காது. முதல்வர் ஐயாவுக்கும் அவர் பயம் இருக்கும், நாளைக்கும் அந்தக் கல்லூரி நடக்க வேண்டும், நம் பிள்ளைகள் அங்கே போக வேண்டும். ஆனால் பயப்படுகிறவர்கள் எதுவரைக்கும் எங்களோடு நடப்பார்கள் என்பதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். தாலுகா ஆபீஸ் வரைக்கும்தான் என்று சொல்லியிருந்தால் நாங்களும் அதற்குத் தகுந்த மாதிரி அடி எடுத்து வைத்திருப்போம்.

இதுவரைக்கும் முனியன் உன்னைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை. "தம்பியத் தொந்தரவு பண்ணாத வாத்தியாரே" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். ஏழுமலை சாட்சி சொன்ன அன்று குடித்துவிட்டு வந்தான். நம் வீட்டுக்கு எதிரில் நின்று, "எங்க ஒம்புள்ள? பொட்டி தூக்கறதுக்கு நானு, ஜெயிலுக்குப் போறதுக்கு நானு, கப்பல்ல போறது அவனா?" என்று கத்தினான். தெரு முழுக்க வெளியே வந்து பார்த்தது. உன் அம்மா கதவைச் சாத்தினாள். நான் திறந்துகொண்டு போய் அவன் எதிரில் நின்றேன். அவன் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றிலிருந்து அவன் என்னோடு பேசுவதில்லை. கோபத்தில் இல்லை, வெட்கத்தில். தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட இரண்டு பேரும் செஞ்சிக்கு நடக்கிறார்கள். கைநாட்டு வைக்காமல் கையெழுத்தே போடுகிறான், நீ சொல்லிக்கொடுத்தது.

உன் அம்மாவுக்கு மறைத்துவிட்டு நான் இதை எழுதவில்லை. எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள், கப்பலுக்குக் கெட்டுப் போகாமல் இருக்கும் என்று மல்லாட்டை உருண்டை பிடித்துக்கொண்டு. "எழுதாத" என்று காலையிலிருந்து சொல்கிறாள். "கேசு இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு முடிஞ்சிடும். கப்பலு திரும்பி வருமா? எம்புள்ள ஒருத்தனாவது இந்த மண்ண வுட்டுத் தப்பிச்சிப் போவட்டும். ஒனக்கு அவன் மேல இரக்கமே இல்லியா?" என்றாள். அவள் சொல்வது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. உனக்கு முன்னால் இரண்டு பிள்ளைகளைப் பெற்று மண்ணில் வைத்தவள். நீ சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோது, செஞ்சி ஆஸ்பத்திரி வராந்தாவில் உன்னை மடியில் போட்டுக்கொண்டு, டாக்டர் வரும்வரை உன் மூச்சு நின்றுவிடாமல் இருக்க உன் பெயரைச் சொல்லிச் சொல்லி அழைத்துக்கொண்டே இருந்தவள். நான் உன்னை அவளிடமிருந்து இன்னொரு முறை பறிக்கப் பார்ப்பதாகத்தான் அவளுக்குத் தோன்றுகிறது. எனக்கும் சில நேரம் அப்படித் தோன்றுகிறது.

நீ வந்தால் எதையெல்லாம் இழக்கலாம் என்று எனக்குத் தெரியும். கப்பல் போகலாம். குருப்பட்டம் தள்ளிப் போகலாம், கிடைக்காமலே போகலாம். முதல்வர் ஐயா இனி உன் முகத்தைப் பார்க்காமல் இருக்கலாம். அப்பன் என்கிற முறையில், அதையெல்லாம் இழக்காதே என்று சொல்லத்தான் வாய் துடிக்கிறது. ஆனால் நீ அந்த ஊரில் என்ன பேசுவாய் என்று யோசித்துப் பார்க்கிறேன். உன்னைக் கூப்பிட்டு உன் தேசத்தைப் பற்றிப் பேசச் சொல்வார்கள். நீ நம் தெருவைப் பற்றித்தான் பேசுவாய், வேறு என்ன இருக்கிறது உன்னிடம்? தாலுகா ஆபீசுக்கு நடந்ததைச் சொல்வாய். உருக்கமாகச் சொல்வாய், உனக்குப் பேச வரும். அப்புறம் அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று யாராவது ஒருவர் எழுந்து கேட்பார். அங்கேயும் நல்லவர்கள் இருப்பார்கள், கேட்கத்தான் செய்வார்கள். அப்போது நீ என்ன சொல்வாய்? இதற்கு ஒரு பதிலை நீ கண்டுபிடித்துப் பழகிக்கொண்டுவிட்டால், அதற்குப் பிறகு உன்னால் எந்தப் பிரசங்க மேடையிலும் நிம்மதியாக நிற்க முடியாது. அல்லது, அது இன்னும் மோசம், நிம்மதியாக நிற்க முடிந்துவிடும். நான் அதற்குத்தான் பயப்படுகிறேன். உனக்கு நான் சொல்ல நினைத்த புத்திமதி இவ்வளவுதான், வேறெதுவும் இல்லை.

நேற்று பச்சையம்மாள் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். பிள்ளைகள் போகும்வரை வெளியிலேயே நின்றாள். உள்ளே வந்ததும், "ஐயா, தம்பி வருதா?" என்று கேட்டாள். எழுதப் போகிறேன் என்றேன். "வரலன்னா நீங்க சொல்லுங்களேன். நீங்களும் அன்னிக்கு இங்கதான் இருந்தீங்கன்னு" என்றாள். நான் செஞ்சியில் இருந்தேனே அம்மா, எல்லா உபதேசிமாரும் என்னைப் பார்த்தார்களே என்றேன். "அவுங்க இங்க இருந்தது நெஜந்தானே ஐயா. நீங்க இருந்ததா சொல்றது மட்டுந்தான பொய்யி" என்றாள். அது எனக்கு அப்போது புரியவில்லை. அவள் போன பிறகு வெகுநேரம் உட்கார்ந்து யோசித்தபோதுதான் புரிந்தது. அவள் கேட்டது ஒரு சத்தியத்தைத் தாங்கி நிற்க ஒரு பொய்.

என்னையும் வக்கீல் சாட்சியாகப் போட்டிருக்கிறார், இரண்டு பேரின் நடத்தையைப் பற்றி மட்டும் சொல்வதற்கு. நான் முடிவு செய்துவிட்டேன், சாமுவேலு. நீ வராவிட்டால் நான் கூண்டில் ஏறி, அந்த மாலை நானும் பள்ளிக்கூடத்தில் இருந்தேன் என்று சொல்லப் போகிறேன். வக்கீலுக்கு இது தெரியாது. பொய்ச்சாட்சி கூடாது என்கிற வேதக் கட்டளையை இந்தத் தெருவில் ஒவ்வொரு பிள்ளைக்கும், உனக்கும், வாயில் போட்டுச் சொல்லிக்கொடுத்தவன் நான். வேதத்தின் மேல் கை வைத்து அதை மீறப் போகிறேன். குறுக்கு விசாரணையில் என்னைக் கிழித்துவிடுவார்கள். அன்று கூட்டம் நடத்திய செஞ்சி சபை ஐயரைக் கூப்பிட்டுக் கேட்டால் முடிந்தது. என் வேலை போகும், நானே உள்ளே போகலாம். இதனால் முனியனுக்கும் இஸ்ரவேலுக்கும் நல்லதைவிடக் கெட்டதே நடக்கலாம் என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவர்கள் இரண்டு பேரும் கூண்டில் நின்று, நமக்காக யாருமே ஏறவில்லை என்று சுற்றிப் பார்க்கிற பார்வையை என்னால் தாங்க முடியாது. இந்தக் கடிதத்தை நான் உறையை ஒட்டாமல்தான் அனுப்புகிறேன். முதல்வர் ஐயாவும் படிக்கட்டும். வேண்டுமானால் கோர்ட்டுக்கே எழுதிப் போடட்டும். உண்மையைத் தெரிந்தவன் ஒருவன் அவர் கல்லூரியில் இருக்கிறான், பொய் சொல்லத் தயாராக ஒருவன் இங்கே இருக்கிறான். எவன் ஏறுவது என்பது அவர் கையிலும் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியட்டும்.

இது திங்கட்கிழமை உன் கைக்குக் கிடைக்கும். வியாழக்கிழமை சாயங்காலம் ரயில் ஏறினால் விடியும்போது திண்டிவனத்தில் இறங்கலாம். ஸ்டேஷனுக்கு வெளியே டீ குடித்துவிட்டுச் செஞ்சிக்கு முதல் பஸ்ஸைப் பிடி. காலனிக்கு வர வேண்டாம், நேராகக் கோர்ட்டுக்கு வா. உன் அம்மா வாசலில் இருப்பாள். அவளிடம் கோபித்துக்கொள்ளாதே, உருண்டையை வாங்கிக்கொள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே போய்விடு, யாரும் உன்னைத் தடுக்க மாட்டோம். கப்பல் கிடைத்தால் போ, எங்கள் ஆசீர்வாதத்தோடு போ. கோர்ட்டில் டவாலிச் சேவகன் முதலில் உன் பெயரைத்தான் கூப்பிடுவான். ஒருமுறை கூப்பிட்டதும் விட்டுவிட மாட்டான், வராந்தாவுக்கு வந்து தெருவைப் பார்த்து இன்னும் இரண்டு தரம் கத்துவான். அதுவரைக்கும் நான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதற்குப் பிறகு என் பெயரைக் கூப்பிடுவான். நான் எழுந்திருப்பேன்.

உன் நைனா